'போட்டு உடை' ஆடிய கண்ணாடிக்காரர்

தெருவில் அவருக்கு 'மெதுவா' என்று பெயர். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். யார் கடைக்குள் கால் வைத்தாலும், "வாங்க" என்பதற்கு முன்னால் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். குடையை மடக்குகிறவரிடம் "மெதுவா." பையைத் தோளிலிருந்து இறக்குகிறவரிடம் "மெதுவா, மெதுவா." தும்மல் வந்து மூக்கைச் சுளித்த ஒருவரிடமும் அதையே சொன்னார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது பொய் என்று அவர் மறுத்ததில்லை.

தொழில் அப்படி. சுவரோரமெல்லாம் ஆளுயரக் கண்ணாடித் தகடுகள் சாய்ந்து நிற்கும். நடுவில் கம்பளி விரித்த பெரிய மேசை. அந்த இடுக்கில் பக்கவாட்டிலேயே நடந்து நடந்து, கடைக்கு வெளியிலும் அவர் கை வீசி நடந்து யாரும் பார்த்ததில்லை. கைதட்டினால் இரண்டு உள்ளங்கையும் பூவைப் பொத்துவது போல் சேரும். சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. கண்ணாடியில் கோடு கிழிக்கும்போது மூச்சைப் பிடித்துப் பழகியவருக்குச் சிரிப்பும் உள்ளேயே தங்கிவிட்டது.

வாய்த்த மனைவியோ நேர் எதிர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'ஹாரன் அக்கா'. வேனை விதிப்படிதான் ஓட்டுவாள். வாய்க்குத்தான் வேகத்தடை கிடையாது. "எங்க வீட்டுக்காரருக்கு பிரேக் மட்டும்தான், எனக்கு ஆக்ஸிலேட்டர் மட்டும்தான். ரெண்டும் சேர்ந்து எப்படியோ ஒரு வண்டி ஓடுது" என்பாள்.

கடைக்கு மேலேயே வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. கீழே இடம் போதாதபோது சட்டம் போட்டு முடித்த கண்ணாடிகள் மாடிப்படி ஏறிக் கூடத்துக்கு வந்துவிடும். வேலைக்குப் போகும் அவசரத்தில் தலை வார அவளுக்கு எப்போதும் ஒரு புதுக் கண்ணாடி கிடைக்கும். அதில் பொட்டு ஒட்டிவிட்டுப் போகக் கூடாது என்பது மட்டும்தான் அந்த வீட்டில் நெடுநாளாக இருந்த சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து சேர்ந்தான். டிவி கடையில் விற்பனையாளன். கடைக்கு வருகிறவர்களுக்கு ஆடிக் காட்ட வைத்திருந்த பழைய வீடியோ கேம் பெட்டியை, புதுசு வந்ததும் முதலாளி அவனுக்கே கொடுத்துவிட்டாராம். அவன் அறையில் டிவி கிடையாது. நாள் முழுக்க டிவி விற்கிறவனுக்கு வீட்டுக்கு வந்தும் அதன் முகத்தில் விழிக்கப் பிடிக்காது.

"அக்கா, இங்கேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து ஆடிட்டுப் போறேன். ஆட்டத்துக்குப் பேரு 'போட்டு உடை'."

கீழே வேலையாக இருந்த கண்ணாடிக்காரருக்கு இது எதுவும் தெரியாது.

விளையாட்டு இதுதான்: டிவியில் வருகிற பரிசுப் போட்டி மாதிரியே மேடை, விளக்கு, கைதட்டும் கூட்டம், மின்னுகிற கோட்டு போட்ட ஒரு தொகுப்பாளன். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்கிற வேலை கிடையாது. போட்டியாளர்கள் ஒருவரையொருவர் ரப்பர் சுத்தியலாலும் தலையணையாலும் முழு கேக்காலும் சாத்த வேண்டும். அடி வாங்கியவன் ஸ்பிரிங் போலத் துள்ளி விழுவான். தலையைச் சுற்றி வாத்துக்குஞ்சுகள் பறக்கும். மறுபடி எழுந்து நிற்பான். ரத்தம் கிடையாது, சாவு கிடையாது. மேடையிலுள்ள சாமான்களை உடைத்தால் தனிப் புள்ளி. கையில் ஒரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு காற்றில் வீசினால் திரையில் இருக்கிற ஆள் சுத்தியலை வீசுவான்.

அக்காவும் தம்பியும் சின்ன வயதில் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். கீழே கண்ணாடிக்காரரின் தலைக்கு மேல் கூரை அதிர்ந்தது. தகடுகள் ஒன்றோடொன்று உரசிக் 'கிணிங்' என்றன. பிடித்திருந்த அளவுகோலோடு மாடி ஏறினார்.

கூடத்தில் மேற்குச் சுவரில், நடன டீச்சர் சொல்லிச் செய்த ஆளுயரக் கண்ணாடி நின்றுகொண்டிருந்தது. தேக்குச் சட்டம், ஒரு வார வேலை. அதற்கு நேர் எதிரில் அவர் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்கிக்கோடா!" என்று கையை ஓங்கினாள்.

வியர்த்த கை. ரிமோட் வழுக்கிக்கொண்டு பறந்தது.

ஓடியே பார்த்திராத மனிதர் அன்றைக்கு எப்படித்தான் பாய்ந்தாரோ! கண்ணாடிக்கும் ரிமோட்டுக்கும் நடுவே அவர் நெற்றி வந்து நின்றது. 'டொக்'கென்று ஒரு சத்தம். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

"ஐயோ, என்னங்க!" மனைவி ஓடிவந்தாள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்க. உங்களுக்குத் தலையோடவே போயிருச்சே!"

"மாமா, ரத்தம் வரல. வீங்கத்தான் செய்யுது" என்று தம்பி ஆறுதல் சொன்னான்.

அவர் முதலில் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் நெற்றியைத் தடவினார்.

"வெண்கலக் கடையில யானை புகுந்த மாதிரி என்ன ஆட்டம் இது?"

"கோபப்படாதீங்க, இனிமே ஆடல" என்றாள் மனைவி. துணியில் ஐஸ் சுற்றி அவர் நெற்றியில் வைத்தாள்.

"வெண்கலம்னா பரவாயில்லையேன்னு சொல்ல வந்தேன். விழுந்தா நெளியும், தட்டி எடுத்துரலாம். இது கண்ணாடி." ஐஸ் துணியைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டார். "ஆட வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? ஆடுற இடத்தைச் சரி பண்ணிட்டு ஆடுங்க."

ஐஸ் உருகி முடிவதற்குள் அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். டீச்சரின் கண்ணாடியை மச்சானும் அவருமாகப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்ப் போர்வை போட்டு மூடினார்கள். முக்காலியும் பூச்சாடியும் சமையலறைக்குப் போயின. சீலிங் ஃபேனை நிறுத்தி, கையைத் தூக்கினால் எட்டுமா என்று பார்த்தார். எட்டியது. ஃபேனுக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது என்று தீர்ப்பானது. கீழேயிருந்து மஞ்சள் ஒட்டு நாடா வந்தது. ஒருவர் கையை நீட்டிச் சுற்றினால் எவ்வளவு இடம் வேண்டும் என்று மனைவியையே சுற்ற வைத்து அளந்து, தரையில் இரண்டு கட்டம் போட்டார். கட்டத்துக்குள் கடையின் ரப்பர் விரிப்பு. ரிமோட்டில் தொங்கிய வாரைக் காட்டி, "இது எதுக்கு?" என்று கேட்டார்.

"மணிக்கட்டுல மாட்டிக்கத்தான், மாமா."

"அப்புறம் ஏன் வால் மாதிரி தொங்குது?"

மச்சான் அவசரமாக வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான். கண்ணாடி தூக்குவதற்கென்று வைத்திருந்த, உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த கையுறைகளையும் ஆளுக்கொரு ஜோடி கொடுத்தார். எல்லாம் முடிந்தபின் எழுந்து நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு கூடத்தைப் பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க?"

"கட்டம் சுவரோட ஒட்டி வரல. கூடம் கோணல்."

"ஆடத் தெரியாதவதான் கூடம் கோணல்னு சொன்னாளாம்!" என்று மனைவி கைகொட்டிச் சிரித்தாள்.

"நெஜமாவே கோணல்தான். அரை விரல்கடை."

"அப்ப நீங்க ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க. பந்தோபஸ்து சரியா இருக்கான்னு பாக்கணும்ல?"

அப்படித்தான் அவர் கட்டத்துக்குள் வந்தார். வாரை மாட்டி, அது இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். திரையில் அவருக்கு ஒரு குண்டு மனிதன் கிடைத்தான். கோடு போட்ட சட்டை, தலையில் ரப்பர் வாளி. மேடை முழுக்கப் பூச்சாடிகள், கண்ணாடி அலமாரி, மேலே சரவிளக்கு. மணி அடித்தது. மனைவியின் ஆள் சுத்தியலோடு ஓடிவந்தது. குண்டு மனிதனோ ஒரு பூச்சாடியைச் சுற்றிக்கொண்டு, தோளை ஒடுக்கி, பக்கவாட்டில் நடந்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"வழியில ஜாடி வெச்சிருக்கான்."

"அதை உடைக்கத்தாங்க வெச்சிருக்கான்!"

குண்டு மனிதன் அலமாரியையும் உரசாமல் தாண்டினான். அதற்குள் அவன் தலையில் நான்கு கேக் இறங்கியிருந்தது. மின்னும் கோட்டுக்காரன் திரைக்கு நடுவே வந்து, அழகான தமிழில், "நேயர்களே! நம் மேடையில் முதல் முறையாக ஒரு நல்ல பிள்ளை! ஒரு டம்ளரைக்கூட உடைக்கவில்லை!" என்று அறிவித்தான். பூஜ்யப் புள்ளி. ஆறுதல் பரிசாகக் குண்டு மனிதனின் வாளிமேல் ஒரு ரப்பர் வாத்து உட்கார்ந்தது. மச்சான் சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தான்.

"இன்னொரு தடவை" என்றார் கண்ணாடிக்காரர்.

இரண்டாவது ஆட்டத்தில் மனைவியின் ஆள் துரத்த, ஓட வழியில்லாமல் அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை வீசினார். கண்ணாடி அலமாரி சரிந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் ரிமோட்டைத் தாழ்த்தினார்.

"இது கண்ணாடிச் சத்தமே இல்ல."

"மாமா, ஆட்டத்தைப் பாருங்க!"

"எவர்சில்வர் தட்டு விழுற சத்தத்தைப் போட்டு ஏமாத்தியிருக்கான். கண்ணாடின்னா முதல்ல 'டப்'புன்னு ஒண்ணு கேக்கும். அப்புறம்தான் சிலுசிலுன்னு வரும். சரவிளக்காவது சரியா விழுதா பாப்போம்."

சரவிளக்கும் சரியாக விழவில்லை. பூச்சாடிகளும் சரியாக உடையவில்லை. ஒவ்வொன்றாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் குறை சொல்லிக்கொண்டே போனவர், எந்த இடத்தில் குறை சொல்வதை மறந்தார் என்று அவருக்கே தெரியாது. கடைசி ஜாடியைத் தூக்கி மனைவியின் ஆள் தலையில் கவிழ்த்தபோது கூடத்தில் ஒரு வெடிச்சிரிப்புக் கேட்டது. மச்சான் என்று நினைத்து மனைவி திரும்பினாள். மச்சான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் நிறையச் சிரித்தவர் கண்ணாடிக்காரர்.

"உங்களுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கா!" என்றாள் அவள். "இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அந்த வாரம் முழுக்க அவர் வேறு மனிதராக இருந்தார். கடையைச் சாத்தியதும் படி ஏறுவார், முகம் கழுவுவார், வாரை மாட்டிக்கொள்வார். மனைவி சமையலை முடிப்பதற்குள் மேடையில் ஒரு டம்ளர் மிஞ்சாது. "வேன் பிள்ளைங்களே தேவலாம். அதுங்க அம்மா கூப்பிட்டாலாவது வருதுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே தட்டைக் கொண்டுவந்து வைப்பாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "மெதுவா" என்பார். ரிமோட் பிடித்த கட்டைவிரல் லேசாகக் கடுத்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நடன டீச்சர் கடைக்கு வந்தார். பெரிய கண்ணாடியை அனுப்பி வைக்கும் நாளைப் பேசிவிட்டு, அலங்கார மேசைக்கு ஒரு சின்னக் கண்ணாடியும் வேண்டும் என்றார். கண்ணாடிக்காரர் தகட்டை மேசைமேல் படுக்க வைத்து, அளவுகோலைப் பொருத்தி, வைரக் கத்தியை எடுத்தார். ஒரே இழுப்பில் கோடு விழ வேண்டும். நடுவில் கை தயங்கினால் அவ்வளவுதான். மூச்சைப் பிடித்து இழுத்தார். பாதி தூரத்தில் கட்டைவிரல் சுருக்கென்று குத்தியது. கத்தி தடுமாறியது. தகட்டைத் தட்டிப் பிளந்தபோது பிளவு கோட்டை விட்டுவிட்டு மூலைக்கு ஓடியது. 'டப்.' அப்புறம் சிலுசிலுவென்று தரையெல்லாம் துண்டுகள்.

டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணாடிக்காரர் முகத்தைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

கண்ணாடிக்காரரோ, "கேட்டீங்களா டீச்சர்? இதுதான்! இதுதான் சத்தம்!" என்றார்.

டீச்சர் வீட்டுக்குப் போகிற வழியில் வேனைப் பார்த்து நிறுத்தி, "உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று ஹாரன் அக்காவிடம் விசாரித்துவிட்டுத்தான் போனார்.

அன்று மாலை மனைவி அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். கட்டைவிரலின் அடிப்பாகம் கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்தது.

"யானைக்கும் அடி சறுக்கும், அது இருக்கட்டும். எத்தனை நாளா வலிக்குது?"

"செவ்வாய்க்கிழமையிலிருந்து."

"கண்ணாடிக்குப் போர்வை போத்துனீங்க. ஜாடியைச் சமையக்கட்டுல கொண்டுபோய் வெச்சீங்க. ஃபேனை நிறுத்தினீங்க. இந்தக் கைக்கு என்ன பண்ணீங்க?"

கூடத்தில் உடையக்கூடியவை எல்லாவற்றையும் கணக்கெடுத்தவர் தன்னை அதில் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் கட்டுப் போட்டு, வீக்கம் வடியும்வரை ஆட்டமும் வேண்டாம், கத்தியும் வேண்டாம் என்றார். அத்தனை நாளும் அவர் சோபாவில் உட்கார்ந்து மனைவி ஆடுவதைப் பார்த்தார். "இடது பக்கம், இடது பக்கம்! ஜாடியை எடு!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டு அவிழ்ந்த பிறகு புதுச் சட்டத்தை மனைவி போட்டாள். ஆடுமுன் விரலை மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும். இரண்டு ஆட்டம் முடிந்தால் சமையலறையின் டைமர் அடிக்கும். ரிமோட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து, ஜன்னல் வழியே தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டும். வலித்தால் உடனே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். "வாயைத் திறந்து சிரிக்கக் கத்துக்கிட்டீங்கல்ல, அதே வாயாலதான்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் கேம் பெட்டியை இன்டர்நெட்டில் இணைத்துவிட்டான். வேறு ஊர்களிலிருந்து வேறு வீடுகள், ஒரே மேடையில். குழுவுக்கு ஒரு பெயர் வேண்டும். கண்ணாடிக்காரர் கடைப்பெயரைச் சொன்னார். நாலு பேருக்கு விளம்பரமாகவும் இருக்குமே என்றார்.

"கடைப்பேரும் வேண்டாம், நம்ம பேரும் வேண்டாம்" என்றாள் மனைவி. "கேட்ல நிக்கிற ஆள் யாருன்னு தெரியாம நான் ஒரு பிள்ளையையும் இறக்கிவிட மாட்டேன். முகம் தெரியாதவங்ககிட்ட நம்ம விலாசத்தை எதுக்கு இறக்கணும்?"

ஆகவே குழுவின் பெயர் 'மெதுவா' என்றே ஆனது. ஆட்டம் தொடங்கியதும் எதிரணியிலிருந்து ஒருவர், மனைவி மாட்டியிருந்த மைக் வைத்த ஹெட்போன் வழியாகக் கலகலப்பாகப் பேச்சுக் கொடுத்தார்.

"அக்கா, நீங்க எங்க இருக்கீங்க?"

"சோபா பக்கத்துல."

"இல்லக்கா, எந்த ஏரியா? வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"நான் இருக்கேன், சுத்தியல் இருக்கு" என்றாள் ஹாரன் அக்கா. அந்த ஆள் மறுபடி கேட்டபோது, மச்சான் காட்டிக்கொடுத்த பொத்தானை அழுத்தி அந்தக் குரலை மட்டும் அணைத்துவிட்டாள். குரல் போன ஆளை மேடையில் தேடிப் போய் இரண்டு கேக் வைத்தாள்.

கடைசிச் சுற்று ஒரு கண்ணாடிப் பாலம். கீழே பச்சைப்பசேலென்று பாயசத் தொட்டி. எல்லாரும் குடுகுடுவென்று ஓடினார்கள். பலகை பலகையாக உடைந்து தொப்தொப்பென்று விழுந்தார்கள். மனைவியின் ஆளும் விழுந்தது, மச்சானின் ஆளும் விழுந்தது. குண்டு மனிதன் மட்டும், கண்ணாடியின் நடுவில் கால் வைக்காமல், சட்டம் தாங்குகிற ஓரமாகப் பார்த்துப் பக்கவாட்டில் நடந்து போனான். வாத்து அவன் தலையில் ஆடாமல் உட்கார்ந்திருந்தது. கோட்டுக்காரனே பேச்சை நிறுத்திவிட்டான். அக்கரை ஏறினால் வெற்றி மணி. அதை அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது டைமர் அடித்தது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாமா, ஒரே ஒரு அடிதான்!" என்று மச்சான் கெஞ்சினான்.

கண்ணாடிக்காரர் விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். லேசாக இழுத்தது. வாரைக் கழற்றி மனைவியின் மணிக்கட்டில் மாட்டினார். "எனக்கு ஓய்வு. நீ அடி."

அவள் கையை ஓங்கினாள். வேகத்தில் மணிக்குப் பதிலாக, பக்கத்தில் நின்ற மின்னும் கோட்டுக்காரன் மேல் அடி விழுந்தது. அவன் மேடையைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, தலைகுப்புறப் பாயசத்தில் விழுந்தான். தொகுப்பாளனை அடித்தால் ஆட்டத்திலிருந்து நீக்கம் என்று ஒரு விதி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. 'மெதுவா' குழு கடைசி இடம். ஆனால் அத்தனை கூட்டமும் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. சோபாவில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரருக்குப் புரை ஏறியது. தலையில் தட்டித் தட்டி மனைவிக்கே கை வலித்தது.

சின்னக் கண்ணாடியை வாங்க நடன டீச்சர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மேலிருந்து வந்த சிரிப்பைக் கேட்டு, உடம்பு சரியில்லாதவர் இவர்தானா என்று பார்க்கப் படி ஏறியவர், சற்று நேரத்தில் கட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். வார் மாட்டியாயிற்று, விரல் மடக்கியாயிற்று.

"வளையலைக் கழட்டிக் குடுங்க டீச்சர். கண்ணாடி வளையல்" என்று கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். ஒவ்வொன்றாக வாங்கி, கம்பளித் துணியில் சுற்றி, அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு, தானும் மற்றக் கட்டத்துக்குள் வந்து நின்றார்.

மணி அடித்தது. டீச்சர் இடுப்பை ஒடித்து, கழுத்தைச் சாய்த்து, கையை மெல்ல வளைத்து ஒரு அபிநயம் பிடித்தார். இவ்வளவு அழகாக யாராவது அடிக்க வருவார்களா என்று குண்டு மனிதன் வாய் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவன் முகத்தில் மூன்றடுக்கு கேக் முழுசாக இறங்கியது.

"மெதுவா டீச்சர், மெதுவா!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர், சிரிப்பில் மூச்சு வாங்க.

"அதெல்லாம் கடையில" என்றார் டீச்சர், அடுத்த கேக்கைத் தூக்கிக்கொண்டே.